அண்ணன் சிரித்த ஷாட்

எங்கள் சினிமாப் படிப்பு வகுப்பில் அவளுக்கு ரீடேக் என்று பெயர். வாத்தியார் வைத்ததல்ல, நான் வைத்தது. அட்டெண்டன்ஸில் அவள் பெயருக்கு அடுத்தது என் பெயர். அந்த ஒரு குற்றத்துக்காகப் படிப்பு முடியும்வரை அவளுக்கு நான்தான் ட்ரைபாட் தூக்கினேன்.

அவளுக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஷாட் நன்றாக வந்துவிட்டது என்று நாங்கள் மூட்டை கட்டும்போது, "எதுக்கும் இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்பாள். பேட்டரி முழுதாக இருக்கிறது என்று கேமரா காட்டினால், கேமரா சொன்னால் ஆச்சா என்று இன்னொரு பேட்டரியைப் பையில் போட்டுக்கொள்வாள். மெமரி கார்டை லேப் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ஏறியதா என்று திறந்து பார்த்துவிட்டு, திறந்தது நிஜமாகவே அந்த ஃபைல்தானா என்று மறுபடியும் பார்ப்பாள். லேப் அட்டெண்டர் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டு, "உன்னைக் கட்டிக்கப்போறவன் தினம் கைரேகை வெச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. நல்ல யோசனைதான் என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

அவள் கேள்வி கேட்காமல் நம்புகிற ஆள் ஒருவர் இருந்தார் என்றால் அது அவளுடைய அண்ணன். அப்பா இல்லாத வீடு. செல்போன் ரிப்பேர் கடை போட்டு வீட்டை நிமிர்த்தியவர் அவர்தான். ஜெராக்ஸ் கடைக்கும் திரைச்சீலைக் கடைக்கும் நடுவில், ஆள் குறுக்கே படுத்தால் கால் வெளியே நீட்டும் அளவுக்கு ஒரு கடை. உள்ளே ஒரு மைக்ரோஸ்கோப், சூடான காற்று ஊதுகிற ப்ளோயர், கடுகு அளவு ஸ்க்ரூக்கள் ஓடிப்போகாமல் ஒட்டிக்கிடக்கும் காந்த விரிப்பு, ஒரு மஞ்சள் விளக்கு, அதன் கீழே எப்போதும் குனிந்த ஒரு தலை. "அண்ணன் சொன்னாரு" என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எங்களுக்கெல்லாம் அது பெரிய வேடிக்கை.

இரண்டாவது செமஸ்டரில் எடிட்டிங் சார் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். வேலை செய்கிற ஒரு மனிதர், ஐந்தே ஷாட். கை, முகம், முழு இடம், தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று, ஐந்தாவது நம் இஷ்டம். பேச்சு கூடாது. "ரெண்டு ஷாட்டை ஒட்டி வெச்சா நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாக்கறவனே முடிவு பண்ணிக்குவான். அவன் என்ன முடிவு பண்ணுவான்னு யோசிச்சு ஒட்டுங்க" என்றார் சார். நாங்கள் எழுதிக்கொண்டோம். எழுதிக்கொள்வதோடு சரி, யோசிப்பதற்கு மதிப்பெண் தனியாக இல்லையே.

அண்ணன் கடையிலேயே எடுப்பது என்று முடிவானது. நாங்கள் போன நேரம், அந்தத் தெருவில் டியூஷன் எடுக்கிற டீச்சர் ஒருவர் சார்ஜ் ஏறாத போனைக் கொண்டுவந்தார். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று ரீடேக் கேட்டாள். டீச்சர் வளையலைச் சரிசெய்துகொண்டு சரி என்றார். கை நீண்டது, போன் கை மாறியது. டெஸ்ட் பண்ண வேண்டும் என்று அண்ணன் லாக் திறக்கிற பேட்டர்ன் கேட்டார். டீச்சர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் சிக்கல். அண்ணன் வேலை பார்த்தது அரிசி முனை அளவு சார்ஜிங் பின் ஒன்றில். எங்கள் லென்ஸ் அதைப் பிடிக்கவே இல்லை, எல்லாம் மங்கல். பொறுத்துப் பார்த்த ரீடேக், "அண்ணா, உன் போனை எடு. வெளிச்சமா இருக்கட்டும், சும்மா எதையாவது தள்ளிக்கிட்டே இரு" என்றாள். அவர் தன் போனில் போட்டோக்களைத் தள்ளினார். விரலும் திரையும் மட்டும் ஃப்ரேமில். கை ஷாட் முடிந்தது. முக ஷாட்டுக்கு நான் வெளிச்சம் திருப்ப தெர்மாக்கோல் அட்டையைப் பிடித்திருந்தேன். ஃபேன் காற்றில் அட்டை பறந்து என் மூஞ்சியிலேயே அறைந்தது. அண்ணன் சிரித்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு அழகு, உதட்டை அடக்கிக்கொண்டு கண்ணால் சிரிக்கிற ரகம். முழு இடத்துக்கு ட்ரைபாடைக் கடை வாசலில் நிறுத்தி ஓடவிட்டோம். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள் அன்றைக்கு நிறுத்த மறந்திருந்தாள்.

எடிட்டிங் மேசையில் அவள் முதல் மூன்று ஷாட்டை ஒட்டிய வரிசை இது. டீச்சர் கை போனைக் கொடுக்கிறது. விரல் போட்டோக்களைத் தள்ளுகிறது. அண்ணன் சிரிக்கிறார்.

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று சாரே சொன்னார். துறையின் சேனலில் ஏற்றினார்கள். இவளும் பெருமையாகத் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் லிங்க் அனுப்பினாள். அதைப் பார்த்த எங்களில் ஒருத்திக்காவது மூளை வேலை செய்திருக்கலாம்.

டீச்சருக்கு வேலை செய்தது. மறுநாள் நானும் ரீடேக்கும் கடையில் இருந்தபோதே வந்துவிட்டார். கையில் போன், போனில் எங்கள் படம்.

"ஏன் தம்பி, நம்பித்தானே பேட்டர்ன் சொல்லிட்டுப் போனேன்?"

"டீச்சர், அது உங்க போன் இல்ல, என் போன்."

"என் கை கொடுக்குது, அடுத்து உங்க கை போட்டோவைத் தள்ளுது. அப்புறம் சிரிக்கறீங்க. எனக்குக் கண்ணு தெரியாதா?"

"டீச்சர், அது நான்தான் சொன்னேன், லென்ஸ்ல சரியா…" என்று ரீடேக் ஆரம்பித்தாள்.

"நீ அவரு தங்கச்சிதானே? நீ வேற என்ன சொல்லுவே?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் கத்தவில்லை, திட்டவில்லை. தன் போனைப் பையின் உள்ஜிப்பில் போட்டு மூடிக்கொண்டு போய்விட்டார். அதுதான் மோசம். கத்தியிருந்தால் சண்டை என்று தெரு மறந்திருக்கும்.

அந்த வாரம் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ரிப்பேருக்குக் கொடுத்த போனைத் திருப்பி வாங்க வந்தவர்கள். "அவசரமா வேணும்", "வேற போன் வாங்கிட்டோம்", ஆளுக்கொரு சாக்கு. கொடுக்க வந்த ஓரிருவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்து, அவர் விரல் போகிற இடமெல்லாம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் நல்லவர்போல வந்து, "நான் நம்பல தம்பி. ஆனா ஊர் வாயை மூட முடியுமா?" என்றார். படத்தை ஊர் முழுக்க அனுப்பியதே அவர்தான். செல்போன் ரிப்பேர்காரனுக்கு நம்பிக்கை போனால் மைக்ரோஸ்கோப் இருந்து என்ன, இல்லாமல் என்ன. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று அண்ணன் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

ரீடேக் என்னை லேபுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அசல் கிளிப்புகள் பத்திரமாக இருந்தன, அவளிடம் இல்லாமல் எங்கே போகும். ஷாட் முடிந்ததும் உடனே நிறுத்தக் கூடாது, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வாலுக்கு டெயில் என்று பெயர். எடிட்டில் வெட்டி எறிந்துவிடுவோம். கை ஷாட்டின் அசலைப் போட்டோம். போட்டோ தள்ளுவது முடிந்ததும் டெயிலில் இவள் குரல்: "போதும்ணா. இது யாரோட போட்டோ, இவ்வளவு கேவலமா இருக்கு?" அண்ணன் போனைக் கேமராவுக்கு நேராகத் திருப்புகிறார். பல் விழுந்த வாயோடு இவளே சின்ன வயதில் அழுகிறாள். "என் போன்ல வேற யாரு இருப்பா, உன் மூஞ்சிதான்." அவர் போன் நகர்ந்ததும் பின்னால் மேசையில், ஃப்ரேமின் ஓரத்தில், டீச்சரின் போன் முதுகைக் காட்டிப் பிரிந்து கிடக்கிறது.

"போதும்டி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கிளம்பு" என்றேன்.

"நீ போ. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"கன்டினியூட்டி செக்."

ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கிற வேலை அது, முடிந்துபோன படத்துக்கு என்ன கன்டினியூட்டி? நான் கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நாங்கள் டீ குடிக்கப் போனபோது தானாக ஓடிய அந்த நீளக் கிளிப்பைத் தன் லேப்டாப்பில் திறந்திருந்தாள். அண்ணன் தனியாக இருந்த கிளிப். எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா தெரியாது.

டெயிலைக் காட்டியதும் டீச்சர் உடனே இறங்கி வரவில்லை. "இதையும் நீதானே எடிட் பண்ணினே?" என்றார். மெமரி கார்டையே கேமராவில் போட்டு, வெட்டாமல், முதலிலிருந்து கடைசிவரை காட்டினோம். அந்தப் பல் விழுந்த போட்டோவில் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க தம்பி. பொம்பளைங்க பயம் உங்களுக்குத் தெரியாதா?" என்று அண்ணனிடமே வந்து சொன்னார். பழைய படத்தை நீக்கிவிட்டு, நடந்ததை விளக்கிச் சார் இதைச் சேனலில் போட்டார். டீச்சரும் தன் மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார். கடைக்கு ஆள் மெல்லத் திரும்பியது.

டீச்சர் மன்னிப்புக் கேட்ட அன்று மதியம் அண்ணன் ரொம்ப நாளைக்குப் பிறகு விசில் அடித்துக்கொண்டு சாப்பிட்டாராம். கையைக் கழுவிவிட்டு, "அந்த அழுமூஞ்சி ஷாட்டை இன்னொரு தடவை காட்டு" என்று தங்கையின் லேப்டாப்பை அவரே திறந்திருக்கிறார். எடிட்டிங் சாஃப்ட்வேர் கடைசியாக மூடிய இடத்திலேயே திறக்கும். திறந்தது டெயில் இல்லை. கடைக்குள் அவர் தனியாகக் குனிந்திருக்கிற நீளக் கிளிப். அதன் மேலே வரிசையாகச் சிவப்புக் குறிகள். அடுத்து நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல்.

"இது எப்ப எடுத்தது?"

"நிறுத்த மறந்துட்டோம்ணா. டீ குடிக்கப் போனப்ப."

"இந்தச் சிவப்பு என்ன?"

அவர் முதல் குறியில் தட்டினார். திரையில் டீச்சரின் போன் மின்னுகிறது, அவர் கை அதை நோக்கிப் போகிறது. இரண்டாவது குறி, மறுபடியும் கை போகிறது. மூன்றாவதும் அப்படித்தான். தன் கை அந்தப் போனைத் தொட்ட இடங்களில் எல்லாம் குறி இருக்கிறது என்று அவருக்குப் புரிய நேரமாகவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கை ஒரே வேலையைத்தான் செய்திருந்தது. மெசேஜ் வந்து திரை மின்னியதும் போனைக் கவிழ்த்து வைத்தது. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கத் திருப்பினார், மறுபடி மின்னியது, மறுபடி கவிழ்த்தார். கடைசியில் எரிச்சலாகி ஒரு துணியை எடுத்துத் திரை மேல் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்த நேரம் அது.

"டீச்சருக்குக் காட்ட இது வேணும்னு பாத்தியா?"

"இல்ல."

"டெயில் எப்ப கிடைச்சுது?"

"முதல்லயே."

"அப்ப இதை யாருக்காகப் பாத்தே?"

அம்மா அடுப்படியிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, எல்லாரும் அப்படிப் பேசினாங்க. எனக்கு ஒரு நாள் மட்டும், ஒரே ஒரு நாள்…"

"தெருவே சொல்லிச்சு. நான் கவலைப்படல, வீட்ல ஒருத்தி இருக்கான்னு."

அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பைப் பதமாக மூடினார். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, லாக்கைத் திறந்து, மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"இந்தா. இதையும் பாத்து முடிச்சுடு. பாதியில விடாதே."

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். போன் மேசையிலேயே கிடந்தது, திரை எரிந்தபடி.

அவள் அதைத் தொடவில்லை. திரை அணையப்போகிற நேரத்தில், அணைந்துவிட்டால் பேட்டர்ன் தெரியாதே என்று தன் கை நீண்டதாகச் சொன்னாள். பாதி வழியில்தான் இழுத்துக்கொண்டாளாம். "நீண்டுச்சுடி" என்றாள் மறுபடியும், தன் கையை யாருடையதோ மாதிரிப் பார்த்துக்கொண்டு.