காலண்டரில் சிரித்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் கல்லூரி மாணவி. வாய் கொஞ்சம் நீளம். விளம்பரங்களில் பெண்களைக் காட்டும் விதம் சமூகத்தைக் கெடுக்கிறதா இல்லையா என்று பட்டிமன்றம் வைத்தார்கள். கெடுக்கிறது என்ற அணிக்கு நான்தான் தலைவி. தண்ணீர் மோட்டாருக்கும் சிமெண்டுக்கும் எதற்கு ஒரு பெண் குழைந்து நிற்கிறாள் என்று விளாசித் தள்ளினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

எதிரணிக்காரி எழுந்தாள். பையிலிருந்து ஒரு காலண்டரை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். ஈரச் சேலையில் ஒருத்தி குடத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் கொட்டை எழுத்தில் எங்கள் அப்பாவின் பூட்டுக்கடைப் பெயர். என் அணிக்காரிகளே முதலில் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

ஆடி பிறந்தால் சிவகாசி காலண்டர் ஏஜெண்ட் பட ஆல்பத்தோடு கடைக்கு வந்துவிடுவார். அப்பா புரட்டிப் புரட்டி வருடத்துக்கு ஒருத்தியைப் பிடிப்பார். அவள் எங்கள் அடுப்படிச் சுவரிலும் தொங்குவாள். அம்மா வியர்த்து வழிந்து குழம்பைக் கிண்டும்போது அப்பா படத்தைக் காட்டி, "இவள மாதிரி ஒரு நாளாச்சும் சிரிச்சிருக்கியா?" என்பார். அம்மா கரண்டியைச் சட்டி விளிம்பில் ஓங்கித் தட்டுவாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் பையை விட்டெறிந்தேன். "இந்த வருசம் படத்த மாத்தலைன்னா நான் காலேஜுக்கே போகலைப்பா."

"பொம்பளப் படம் இருந்தாத்தான் செவத்துல மாட்டுவாய்ங்க. வெறும் பூட்ட எவன் பாப்பான்?"

"பூட்டு விக்கிறது அவளா, நீங்களா? உங்க படத்தப் போடுங்க!"

கோபத்தில் சொன்னதுதான். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அடேயப்பா, மனுஷனுக்குள்ளே அம்புட்டு ஆசை!

ஸ்டுடியோவுக்கு நானும் போனேன். போட்டோக்காரர் அப்பாவுக்கு ரோஸ் பவுடர் அப்பினார். "அண்ணே, தலையச் செத்த சாய்ங்க. பூட்டக் கன்னத்தோட ஒட்டிவச்சுச் சிரிங்க." அப்பா சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரியில் ஊரெல்லாம் அப்பா தொங்கினார். பிரியாணிக் கடையில், "அண்ணே, தொப்பைய எங்க ஒளிச்சீங்க?" என்று கேட்டார்கள். சலூனில் எவனோ அவர் உதட்டுக்குச் சிவப்பு மை பூசியிருந்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து அப்பா முடி வெட்டப் போகவில்லை.

"ஒரு பய பூட்டப் பத்திக் கேக்கலத்தா. என் மூஞ்சியவே பாக்குறாய்ங்க. டிசம்பர் வரைக்கும்ல தொங்கணும்!" எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பா எழுந்து அடுப்படியில் தொங்கிய தன் காலண்டரைக் கழற்றப் போனார். அம்மா குறுக்கே கரண்டியை நீட்டினாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, இவர மாதிரி ஒரு நாளாச்சும் வீட்ல சிரிச்சிருக்கீங்களா?"