லைசென்ஸ் கேட்காத துப்பாக்கி

அந்தக் காற்றுத் துப்பாக்கியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனம் போதுமென்று மாம்பலத்துக்குக் குடிவந்த புதிது. ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். சுற்றிலும் காலி மனைகள், முட்புதர், இருட்டினால் நரி ஊளை. திருடன் வந்தால் கூப்பிட ஆளில்லை. நிஜத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். என்போன்ற குமாஸ்தாவுக்கு யார் கொடுப்பார்கள்? மவுண்ட் ரோட்டில் ஒரு கடைக்காரன்தான் வழி காட்டினான்.

"இதுக்கு லைசென்சே வாணாம் சார். வச்சிக்கினு நிம்மதியா தூங்கு. திருடன் இன்னா, புலி வந்தாலும் ஓடிப்பூடும்."

கடற்கரையில் ஒரு பிடி உப்பை அள்ளினால் தடியோடு பாய்ந்து வந்த சர்க்கார், இந்தத் துப்பாக்கியைச் சட்டையே செய்யவில்லை. அது ஒன்று போதாதா, அதன் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள? என் மண்டையில் உறைக்கவில்லை. மதில்மேல் கொட்டாங்கச்சியை வைத்துச் சுட்டேன். விழுந்தது. இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டேன்.

ஒருநாள் காலை, என் மனைவி குளித்துவிட்டுக் கொல்லையில் மடிப்புடவை உலர்த்திக்கொண்டிருந்தாள். மடியென்றால் அவளையும் யாரும் தொடக்கூடாது, அந்தத் துணியையும் தொடக்கூடாது. அதனால் உயரக் கொடியில் நீண்ட மூங்கில் கோலால்தான் போடுவாள். அப்போது பின்பக்க வேலி இடுக்கு வழியாக ஒரு நாய் நுழைந்தது. வாயெல்லாம் நுரை, நடை ஒருபக்கமாக இழுத்தது. போன மாதம்தான் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இப்படிப்பட்ட நாய் கடித்து, தண்ணீரைக் கண்டாலே அலறி அலறிச் செத்துப்போயிருந்தார்.

அந்த நாய் அவளைப் பார்க்கவேயில்லை. அதுபாட்டுக்கு மதிலோரமாய்ப் போய்க்கொண்டிருந்தது. விட்டிருந்தால் போயிருக்கும். விட்டேனா? கொல்லைக் கதவருகே நின்று, "அசையாதே, துப்பாக்கி இருக்கு!" என்று வீரகர்ஜனை செய்துவிட்டுச் சுட்டேன்.

"டப்" என்றது. குண்டு விலாவில் பட்டது. கொசு கடித்ததுபோல் நாய் ஒரு சுற்றுச் சுற்றியது; பிறகு பக்கத்திலிருந்த அவளை முறைத்து உறுமியது.

"ஏன்னா, இன்னொரு தடவை சுடுங்கோ!"

"இருடி, மடக்கணும்!"

ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்க வேண்டும், கடுகளவு ஈயத்தைச் செருக வேண்டும், நிமிர்த்த வேண்டும். அவசரத்தில் டப்பி நழுவி, குண்டெல்லாம் சிமெண்டுத் தரையில் உருண்டு ஓடின. நான் குனிந்து பொறுக்குகிறேன். நாய் பல்லைக் காட்டுகிறது, மகாவீரன் தரையைத் தடவுகிறான்!

"நீங்க மடக்கற வரைக்கும் அது காத்துண்டிருக்குமா?"

"கையிலே கோல் இருக்கேடி! அடி!"

"மடிக்கோல்னா! விழுப்பாயிடும்!"

"நீ போயிட்டா யாருக்குடி மடி?" என்று நான் போட்ட கூச்சல் சைதாப்பேட்டை வரை கேட்டிருக்கும்.

நாய் பாய்ந்தது. அவள் கோலின் நுனியை அதன் மார்பில் ஊன்றி, ஒரு ஆள் தூரத்தில் நிறுத்திவிட்டாள். அது மூங்கிலைக் கடித்துக் குதறியது. தள்ளிக்கொண்டே கதவுவரை பின்னால் வந்தவள், கோலை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். நான் தாழ்ப்பாளைப் போட்டு, முதுகை முட்டுக் கொடுத்து நின்றேன். கையில் இன்னும் மடக்கியபடியே துப்பாக்கி. அவள் கை காலில் எங்காவது பல் பட்டிருக்கிறதா என்று பார்க்க நெருங்கினேன்.

"மேலே படாதேள்! ஒண்ணும் கடிக்கலை."

எனக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட வந்தது.

நாய் வந்த வழியே போய்த் தொலைந்தது. மறுநாள் துப்பாக்கியோடு அந்தக் கடைக்காரன்முன் போய் நின்றேன்.

"நாய்மேல குண்டு பட்டுச்சா சார்?"

"பட்டதய்யா!"

"அப்பால இன்னா சார் குறை?"

"அது சாகலை, ஓடலை, என் பெண்டாட்டிமேலே பாய்ந்தது!"

"காக்கா ஓட்றதை வச்சி நாயை சுட்டா?"

"புலியே ஓடும்னியே!"

"மாம்பலத்துல புலி எங்க சார் கீது?"

அவன் கழுத்தை நெரித்திருப்பேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவன் சொன்னதை அவளிடம் சொல்லித் தொலைத்தேன்.

இப்போது கொல்லைக் கதவுக்குப் பின்னால் இரண்டு கோல்கள் இருக்கின்றன: மடிக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. துப்பாக்கி கூடத்து ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் "அடேயப்பா, துப்பாக்கியெல்லாம் வெச்சிருக்கீரே!" என்கிறார்கள். "காக்காய்க்கு" என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது.