கோடைக்காலத்து அரைமணி

ஏரியில் படகு வாடகைக்கு விடும் அந்த அம்மாளுக்குக் கரையில் 'அவசரக்காரி' என்று பெயர். போன படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லையென்றால் போதும், வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மீட்புப் படகுக்குப் போன் செய்துவிடுவாள். ஆனால் அவள் ஒன்றும் அப்படிப் பிறந்தவள் இல்லை.

முன்பு படகுத்துறையை நடத்தியவர் அவள் கணவர். 'பெல்ட் மாஸ்டர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மிதவைச் சட்டை போடாமல் ஒருவரையும் படகில் கால்வைக்க விடமாட்டார். போட்டவர்களையும் சும்மா விடமாட்டார். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பார். சட்டை காதுவரை ஏறினால் இடுப்புப் பட்டையை இன்னும் ஓர் இழுப்பு இழுப்பார்.

"மாஸ்டர், மூச்சு முட்டுது!"

"முட்டட்டும். இருக்கிற மூச்சுதானே முட்டும்?"

ஒரு கோடையில் அவரே சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அவள் பதறிப்போய் மீட்புப் படகை அழைத்தாள். மீட்புப் படகுக்காரர் இரண்டு ஆட்களோடு ஏரியையே கலக்கிவிட்டுத் திரும்பினார். பின்னாலேயே மாஸ்டர், தலையைச் சொறிந்துகொண்டு.

"அண்ணி, அண்ணனை மீட்டுட்டோம்! அக்கரையில மரத்தடியில குறட்டை விட்டுக்கிட்டு ஆபத்தான நிலையில இருந்தாரு!"

கரையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று வீட்டில் மாஸ்டர் சொன்னார்: "இனிமே நான் சொன்ன நேரத்துக்கு மேல ஒரு அரைமணி பொறு. அதுக்கப்புறம் ஊரைக் கூட்டு."

அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. வெயில் காலம் முழுக்க அந்த அரைமணிக்குள் எப்படியும் வந்துவிடுவார். துறையில் இறங்கும்போதே, "இன்னும் அரைமணி முடியலையே!" என்று குரல் கொடுப்பார்.

இலையுதிர் காலம் வந்தது. வாடகைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். படகுகள் தாண்டக் கூடாத எல்லையைக் காட்ட ஏரியில் சிவப்பு மிதவைகள் கிடக்கும். குளிர் இறுகுவதற்குள் அவற்றை எடுத்துவிட வேண்டும். வழக்கமாக ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். ஆளுக்குக் காய்ச்சல் என்று அன்று தனியாகக் கிளம்பினார். அவள் அவருடைய இடுப்புப் பட்டையை ஓர் இழுப்பு இழுத்துவிட்டாள்.

"போனை எடுத்துட்டுப் போங்களேன்."

"இந்தக் கூப்பிடு தூரத்துக்கு எதுக்குடி? இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்."

இருட்டத் தொடங்கியது. அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். தண்ணீர்மேல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. போனைக் கையில் எடுத்தாள். அந்தக் குறட்டைக் கதை நினைவுக்கு வந்தது. போனைக் கீழே வைத்தாள். கழுவிய டீ கிளாஸ்களையே மறுபடி கழுவினாள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அரைமணியைத் தள்ளினாள். அதன்பிறகே அழைத்தாள்.

கடைசி மிதவையின் சங்கிலி அடியில் எங்கோ சிக்கியிருக்கிறது. வெடுக்கென்று இழுத்ததில் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறார். கோடையாக இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே ஏறியிருப்பார். இந்தத் தண்ணீரில் கை மரத்துப்போய்ப் படகின் விளிம்பைப் பிடிக்கக்கூட முடியவில்லை. முகம் வானத்தைப் பார்த்தபடி மிதந்தார். ஒரு பட்டைகூட அவிழவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்து நின்ற மீட்புப் படகுக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்: "உடம்பு இன்னும் விறைக்கக்கூட இல்ல அண்ணி. இப்பத்தான் உயிரு…" மீதியை விழுங்கினார். விழுங்கி என்ன பயன்? அவளுக்குக் கேட்டுவிட்டது.

அரைமணி என்பது வெயில் காலத்தில் பேசி வைத்தது. இலை உதிர்ந்தபிறகு அதை மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. மற்றவர்களின் பட்டையை எல்லாம் இறுக்கிய வீடு அது.

இப்போது அவள் தோள்பட்டையைத் தூக்கிப் பார்க்கிறாள். போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுகிறாள். "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டு, சொல்லும் நேரத்தைப் பலகையில் எழுதுகிறாள். போன வாரம் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி போனது. நேரமாயிற்று, வரவில்லை. இவள் போன் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை. அடுத்த அழைப்பு மீட்புப் படகுக்கு. போய்ப் பார்த்தால் இருவரும் நாணல் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அஞ்சு நிமிஷம் லேட்டானா ஆள் அனுப்பிடுவீங்களா? எல்லாரும் பாக்குறாங்க, மானமே போச்சு!" என்று அந்தப் பெண் பொரிந்து தள்ளினாள்.

"போகட்டும்மா. சூடா டீ குடிச்சுட்டுப் போங்க."

அவர்கள் போனபிறகு மீட்புப் படகுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் சொல்வதையே சொன்னார்: "நல்லவேளை, கூப்பிட்டீங்க அண்ணி."

"என்னப்பா நல்லவேளை? இன்னிக்கும் வீணா அலைஞ்சுட்டு வந்து நிக்கிற. முன்னெல்லாம் என்ன பேச்சு பேசுவ! ஒரு தடவையாவது கிண்டல் பண்ணித் தொலையேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேண்டுமென்றே கேட்கிறாள் என்று புரிந்தது. சிரிப்பை வரவழைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அண்ணி, அந்த ரெண்டு பேரையும் மீட்டுட்டோம். நாணல் பக்கம் ரொம்ப ஆபத்தான…"

அதற்குமேல் வரவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்துபோய், பலகையில் இருந்த நேரத்தை ஈரத்துணியால் துடைத்தாள்.