ஆளுள்ள செருப்பு

தனுஷ்கோடியில் என் கிளிஞ்சல் கடை மேசைக்கு அடியில் ஒரு ஜோடி தோல்செருப்பு கிடக்கிறது. பழுப்பு நிறம், இடது குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்தது. அது விற்பனைக்கு இல்லை. இங்கே சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பாசிமாலைக்கு அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போவார்கள். இடிந்த சர்ச்சின் முன்னால் கையை விரித்து நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வார்கள். புயலில் செத்த ஊரில் எப்படித்தான் சிரிப்பு வருகிறதோ என்று முன்பெல்லாம் பொறுமுவேன். அவர்கள் வந்தால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும் என்பதால் இப்போது வாயைத் திறப்பதில்லை.

செருப்பை என்னிடம் தந்தவர் சித்தப்பா. முதுகுளத்தூர்ப் பக்கம் மழை ஏமாற்றி, மிளகாய் கருகியபின் இங்கே வேன் ஓட்ட வந்தவர். அப்போது தார்ச்சாலை கிடையாது. ஈரமணலில் தடம் பிடித்துத்தான் வேன்கள் போகும். தூக்கிப் போடும்போதெல்லாம், "ராட்டினத்துக்குத் தனியா டிக்கெட் இல்ல, பிடிச்சுக்கங்க" என்பார். பெண்கள் அலறிச் சிரிப்பார்கள். திரும்பும்போது யாராவது பிந்தினால் அடுத்த வேன்காரர் ஏற்றிவந்துவிடுவார். டிரைவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம்.

ஒரு மாலை வெள்ளைச்சட்டைப் பெரியவர் ஒருவர் தனியாக வந்தார். திரும்பும் நேரத்தில் ஆளைக் காணோம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். "பின்னால வாற வேன்ல வந்துருவாரு" என்று சித்தப்பா கிளம்பிவிட்டார். பின்னால் வந்தவரோ, பெரியவர் வந்த வேனிலேயே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை சர்ச் சுவரோரம் அந்தச் செருப்பு இருந்தது. யாரோ வீட்டுவாசலில் கழற்றிவைத்தது போல ஒழுங்காக, கடலைப் பார்த்தபடி.

சித்தப்பா ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். காணோமென்று யாரும் தேடி வரவில்லை. கரைவலைக்காரர்களிடம் கேட்டார். எதுவும் ஒதுங்கவில்லை என்றார்கள். "மறதியில வெறுங்காலோட போயிருப்பாக சித்தப்பா" என்றேன். "கரை நெடுக முள்ளு கெடக்கு. எப்படித்தான் போவாரு?" என்றார். அதற்குப்பின் ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டு அவர் கிளம்பியதில்லை. ஏறியவர்கள் திட்டத் திட்ட, இருட்டுகிற கரையைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பார். செருப்பு அவர் சீட்டுக்கடியில் தினமும் போய்வந்தது. சாலை வந்து வேன்கள் நின்றபோது அதை என்னிடம் கொடுத்தார். "கேட்டு வந்தா குடுத்துரு. நான் காத்திருந்தேன்னு மட்டும் சொல்லாத. காத்திருக்கல."

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கார்கள் கடல்முனை வரை வழுக்கிக்கொண்டு வருகின்றன. பொழுது சாயும்போது போலீஸ்காரர் விசிலடித்து எல்லாரையும் கிளப்பிவிடுகிறார். போன வாரம் அந்த நேரத்தில் ஒருவர் வெறுங்காலோடு ஓடிவந்தார். அலை அவர் செருப்பைக் கொண்டுபோய்விட்டதாம். மேசைக்கடியில் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தப் பழசைக் குடுங்களேன், கார் வரைக்கும் போகணும்" என்றார். என் காலில் கிடந்த ரப்பர்செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

"அப்ப அது?"

"அது ஆளுள்ள செருப்பு. வந்துருவாக" என்றேன்.

அவர் போனபிறகுதான் உறைத்தது. அந்த மாலையில் வேனைக் கிளப்பும்போது சித்தப்பா சொன்னதும் 'வந்துருவாரு' என்றுதான். போலீஸ்காரர் இரண்டாம் முறை விசிலடித்தார். நான் கடையை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன்.