ஊமை ரேடியோவும் தங்க நூலும்

அது 1943. அரசாங்கக் காகிதங்களில் ஜப்பான் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டியிருந்த வருடம். மாதம் புரட்டாசி என்று கணக்கிடுகிறேன். வீட்டில் சைவச் சமையல் நடந்ததை வைத்து அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் எல்லா மாதமும் சைவம்தான். என் மனைவி சனிக்கிழமை விரதம் இருந்தது நினைவிருப்பதால் சொல்கிறேன்.

மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. வெளிநாட்டு நிலையங்களைப் பிடிக்கும் பாகத்தை அதிகாரிகள் முன்பே கழற்றி, அந்த இடத்தில் ஈய முத்திரை வைத்திருந்தார்கள். உள்ளூர் நிலையம் மட்டும் கேட்கலாம். பிறகு, எல்லா ரேடியோக்களையும் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் திருகிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை.

பேசாத ரேடியோ என்றால், அதிகாரிகளுக்கு, உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புக்கிட் பாருப் பக்கம் ஒருவரை அதற்காகத்தான் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவருக்கு விரல்களில் நகம் இல்லை.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லிப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

"அவரும் அப்படித்தான் சொன்னாராம்."

பின்பலகையைக் கழற்றினேன். முத்திரையில் விரல் படாமல் ஏரியல் கம்பியைப் பார்த்தேன், வால்வுகள் சூடாகின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. இன்றைக்கும் டிவியில் படம் தெரிந்து சத்தம் வராவிட்டால் இதே வரிசையில்தான் பார்க்கிறேன். அன்றைப் போலவே ஸ்பீக்கரைக் கடைசிக்கு விட்டுவிடுகிறேன்.

கோளாறு அங்கேதான் இருந்தது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்பு கிழிந்தபோது, கோந்து கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சி ஒட்டியிருந்தேன். எலி அந்தப் பசையைச் சுரண்டித் தின்று, பக்கத்தில் இருந்த மெல்லிய இணைப்புக் கம்பியையும் கடித்துத் துண்டாக்கியிருந்தது.

"நமக்கும் கிழங்கு, எலிக்கும் கிழங்கு. நீங்கதான் பலகாரம் செஞ்சு வச்சிருக்கீங்க!" என்றாள் மனைவி. சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

மின்சார வயர் ஒன்றைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். அதன் விறைப்பு கூம்பை அசையவிடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் காகிதம் கிழிந்துவிடும். அப்போது பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண்மணி தீக்கங்கு வாங்க வந்தார். நாங்கள் அவரை பிபி என்போம். பல தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம்; தமிழ் அவருக்குப் புரியும், பேச வராது. துண்டுக் கம்பியை வாங்கி நகத்தால் பிரித்தார். நடுவில் நூல், மேலே சுற்றிய மெல்லிய உலோகத் தகடு.

"ஈனி பெனாங் எமாஸ் லா!"

தங்க நூலாம். மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆமாங்க! என் கூரைப்புடவைச் சரிகை மாதிரியே இருக்கு."

சாமித் துணிகளுக்குப் பூவேலை செய்ய, சண்டைக்கு முன்பு வாங்கி மிச்சம் வைத்திருந்த சரிகைக் கண்டை பிபி எடுத்து வந்தார். ஒரு விரல் நீளம் வெட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு விரல் நீளம் வெட்டினார். அடுப்பில் பழுத்த ஆணியால் இணைப்பில் இருந்த பழைய ஈயத்தை உருக்கி இரண்டு முனையையும் பிடிக்க வைத்தேன். முதலில் கரகரப்பு, பிறகு பாட்டு.

மறுநாள் போலீஸ் நிலையத்தில் அதிகாரி முத்திரையை உற்றுப் பார்த்துவிட்டு ரேடியோவைத் திருகினார். வால்வு சூடாக நேரம் பிடித்தது. பிறகு மலாயில் ஒருவர் செய்தி வாசித்தார்: எதிரிக் கப்பல்கள் மூழ்கின. அந்தக் குரல் சொன்னதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அன்று மட்டும், எத்தனை கப்பலை வேண்டுமானாலும் மூழ்கடித்துக்கொள், பேச்சை மட்டும் நிறுத்தாதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். அதிகாரி கையை அசைத்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டு வாசலில் மனைவியும் பிபியும் நின்றிருந்தார்கள்.

"என்னங்க சொல்லுச்சு?"

"அவங்க ஜெயிச்சிட்டாங்களாம்."

"சத்தமா சொல்லுச்சா?"

"சத்தமாவே சொல்லுச்சு."

"அது போதும்," என்று ரேடியோவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.