கறி விருந்தில் முடிந்த சைக்கிள் போட்டி

குன்றாண்டார்கோவில் பக்கம் நடந்த போட்டி அது. கண்மாயில் நீந்தி, தைலமரக் காட்டுக்குள் சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்க வேண்டும். சைக்கிளில் நான்தான் முதலில் போனேன். மஞ்சள் ஹெல்மெட்காரர் ஒருவர், "அண்ணே, வழி விடுங்க" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். ஒதுங்க இடமிருந்தும் நான் விடவில்லை.

பாதை காட்ட சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். காட்டைத் தாண்டியும் அம்புக்குறி வந்தது, மிதித்தேன். அது காதுகுத்துக்கு வரும் உறவுக்காரர்களுக்காகப் போட்டது என்பது பந்தலுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

காது குத்தும் குழந்தையின் தாய்மாமன் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, எலை போட்டாச்சு."

"நான் போட்டியில இருக்கேங்க."

"போட்டி எங்கிட்டும் போயிராது. கறி ஆறிப்போயிரும்."

ஈர உடையும் ஹெல்மெட்டுமாகப் பந்தியில் உட்கார்ந்தேன். முதல் வாய் வைப்பதற்குள் மஞ்சள் ஹெல்மெட் உள்ளே வந்தது. பாவம், என்னை நம்பி வந்திருக்கிறார்.

"இவரும் உங்க ஆளுங்களா?" என்றார் தாய்மாமன்.

"ஆமாங்க." காட்டில் ஒரு சாண் விடாதவன், பெஞ்சில் பாதியை விட்டேன்.

சாப்பிட்டு, வழி கேட்டுத் திரும்பி மிச்ச சைக்கிள் தூரத்தைக் கடந்தோம். வயிறு கனத்ததில் ஓட்டத்தை இருவரும் நடந்தே முடித்தோம். எங்களுக்குப் பின்னால் யாருமில்லை. எல்லைக்கோட்டுக்கு முன்னால் அவர் ஒதுங்கி நின்றார்.

"நீங்க போங்கண்ணே."

கறி அன்றைக்கே செரித்துவிட்டது. அந்த வார்த்தை இன்னும் செரிக்கவில்லை.