வெயிலில் காய வைத்த கேசட்

எங்கள் வளவனூர் வீட்டில் இருந்த கேசட்டுகளில் அப்பா அதிகம் சீராட்டியது, போட்டே கேட்காத ஒன்றைத்தான். அதில் இருந்தது அத்தையின் குரல். கிறிஸ்துமஸுக்கு மாதா கோயிலில் பாட வேண்டிய பாட்டை அத்தை வீட்டில் பாடிப் பழகியபோது அப்பாவே பதிவு செய்தது. கடைசியில், "போதும், நிறுத்துண்ணா" என்று அத்தை சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது எனக்கு.

அடுத்த வருடமே தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு அத்தை போய்விட்டாள். எங்கே என்று கேட்டால் அம்மா கண்ணை உருட்டுவாள். அத்தை போல எனக்குத் தலை பின்னிவிட ஆளில்லை என்பதுதான் அப்போது என் பெரிய துக்கம்.

அதன்பின் அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. ஆனால் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், அப்பா பென்சிலைச் செருகி அந்த நாடாவை முழுக்கச் சுற்றி வைப்பார். சும்மா கிடந்தால் ஒட்டிக்கொள்ளுமாம்.

ஒரு சித்திரை மாதம், திடீர் மழையில் சுவர் ஊறி, அலமாரியில் இருந்த அந்தக் கேசட் நனைந்துவிட்டது. எங்கள் வீட்டில் எது நனைந்தாலும் வைத்தியம் வெயில்தான். மாடியில் வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் கேசட்டையும் வைத்துவிட்டு, அப்பா மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவர் வருவதற்குள் அது அப்பளமாக வளைந்துபோயிருந்தது.

அடி விழும் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா அடிக்கவில்லை. அத்தை போன பிறகு முதல் முறையாக அதைப் போட்டார். நாடா இழுத்து இழுத்து ஓடியது. பாட்டு அழுகை மாதிரி வந்தது. "நிறுத்துண்ணா" என்றது, உடம்பு முடியாதவள் கூப்பிடுவது போலிருந்தது. அப்பா நிறுத்தவில்லை. நாடா தீர்ந்து பொத்தான் தானாக எழும்பும் வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு திண்டிவனத்துக்குக் கிளம்பினார்.

"விழுப்புரத்துலயே ரிப்பேர் கடை இருக்குதேப்பா?" என்றேன்.

"இத்த அங்கதான் சரி பண்ண முடியும்மா. நீ அழுதுக்கினு இருக்காத."

சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். "குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார்.

அவர் போனது அத்தை வீட்டுக்கு என்று அம்மா சொன்னபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்த மாமா, "அவ ஊர்ல இல்லீங்க" என்று வாசலிலேயே கேசட்டை வாங்கிக்கொண்டாராம். உள்ளே யாரோ நடக்கும் கொலுசுச் சத்தம் அப்பாவுக்குக் கேட்டதாம்.

கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்த அந்தக் கோடை முழுக்க, திண்டிவனத்திலிருந்து வருகிறவர்கள் மாறி ஏறும் விழுப்புரம் பஸ் எங்கள் தெருமுனையில் நின்றால் அப்பா எழுந்து வாசலுக்குப் போவார். நானும் பின்னாலேயே ஓடுவேன்.

"இன்னிக்கும் வரலியாப்பா?"

"வரலம்மா."

இருவரும் கேசட்டுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.